தண்ணீர் ஊற்றுகிறதா என்று நீ கேட்ட நாள்

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைவிடத் தம்பி என்று கூப்பிட்டதுதான் அதிகம் என்பதால் கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். நேற்று நீ போனில் பேசியபோது நான் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. கடைசியில் "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். ஆறு வருடமாக இதையேதான் செய்துகொண்டிருக்கிறேன். உன்னிடம் எதையாவது சொல்ல வந்து, நீ சாப்பிட்டாயா என்று தெரிந்துகொண்டு திரும்பிவிடுகிறேன். நீ ஆறு வருடமும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறாய் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நேற்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "வேண்டாம்னு எழுதிடலாம்னு இருக்கேன்ப்பா. அது நோயாளிய ஏத்திக்கிட்டுப் போற போட். நான் ஒரு என்ஜினைப் பொகைச்சவன். மூச்சு வாங்கிக்கிட்டு ஒருத்தர் படுத்திருக்கப்ப நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா என்னப்பா பண்றது?" என்றாய். அந்தமானில் தீவுக்குத் தீவு நோயாளிகளைக் கொண்டுபோகும் படகுக்கு ஓட்டுநர் வேலை. உன் பாலிடெக்னிக் நண்பன் இழுத்துக்கொண்டு போனான், நீ ஓட்டிக் காட்டினாய், அவர்களுக்குப் பிடித்துவிட்டது. வருகிறேன் அல்லது வரவில்லை என்று திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். நீ வரவில்லை என்று எழுதப்போகிறாய். எழுதிவிட்டுப் பாண்டிச்சேரியில் அந்த மோட்டார் சைக்கிள் ஷோரூமிலேயே ஆயில் மாற்றிக்கொண்டு இருந்துவிடுவாய்.

நீ அந்த என்ஜினைப் புகைக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் நீ நம்ப மாட்டாய். அப்பா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். அதனால் நடந்ததை நடந்தபடி, என் போக்கில், மெதுவாக எழுதுகிறேன். இன்றைக்குப் படகுத்துறையில் ஆள் இல்லை. காலையிலிருந்தே மேகம் மூடிக்கொண்டு கிடக்கிறது. படகைக் கட்டிப்போட்டு, அதற்குள்ளேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அரசலாறு நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஒவ்வொரு வரிக்கும் படகு ஒரு முறை சாய்ந்து நிமிர்கிறது, எழுத்து கோணலாகப் போனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் கடல்காரன் இல்லை என்பது உனக்குத் தெரியும். போலகத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். இந்தத் துறையில் ஸ்பீடு போட் விட்ட முதலாளிக்கு அவசரமாக ஒரு டிரைவர் வேண்டியிருந்தது, எனக்கு நீச்சல் தெரியும், ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான் என் தகுதி. கருக்களாச்சேரி மீன்பிடி ஆட்கள் என்னைப் பார்த்தாலே "என்ன மாமா, எத்தன மா நெலம் உழுதீங்க இன்னைக்கு?" என்று கேட்பார்கள். உழத்தான் செய்தேன். முதல் ஒரு வருடம் படகின் மூக்கு வானத்தைப் பார்க்க, வால் தண்ணீரில் முங்க, பின்னால் பெரிய சால் விழ, அப்படித்தான் ஓட்டினேன். ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கைப்பிடியில் கட்டைவிரல் வைக்கிற இடத்தில் ஒரு பொத்தான் இருந்தது. மேலே அமுக்கினால் என்ஜின் பின்பக்கம் தூக்கும், கீழே அமுக்கினால் இறங்கும். அதைக் கரைக்கு வரும்போது மண் தட்டாமல் தூக்குவதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் தெரியாமல் பட்டுவிட்டது. என்ஜின் கொஞ்சம் தூக்கியது. அப்போது நடந்ததை உனக்கு எப்படிச் சொல்வது? படகுக்கு எடை போய்விட்டது. அது வரைக்கும் தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது, சட்டென்று தண்ணீர்மேல் ஏறி வழுக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. ஸ்டியரிங் இளகியது. என்ஜின் சத்தம் ஒரு சுருதி மேலே போய் நின்றது. டிராக்டரில் கலப்பையை ஏற்றி இறக்கும் லீவர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ரொம்ப இறக்கினால் வண்டி முக்கும், ரொம்ப ஏற்றினால் கொழு மண்ணைத் தொடாமல் வெறுமனே வரும், நடுவில் ஒரு இடத்தில் வண்டியும் மண்ணும் பேசிக்கொண்டே போகும். தண்ணீரிலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கு டிரிம் என்று பெயர் என்பது நீ வந்து சொல்லித்தான் தெரியும்.

அந்த இடம் கிடைத்துவிட்டால் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். தூக்கம் இல்லை, விழிப்பும் இல்லை. இரண்டு கரையிலும் பனையும் தென்னையும் தாமாக நகர்ந்து போகும். பாலத்துக்கு அடியில் போகும்போது உள்ளே ஒரு குளிர் வந்து முகத்தில் தடவிவிட்டுப் போகும். லைட் ஹவுஸ் ஒரு முறை இடது பக்கம் தெரியும், அடுத்த முறை பார்க்கும்போது நேர் எதிரே நிற்கும், நடுவில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியாது. உட்கார்ந்திருக்கும் ஜனங்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அழுதுகொண்டு ஏறிய குழந்தைகூட அப்போது வாயைத் திறந்து காற்றைத்தான் குடிக்கும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் "வேலைக்குப் போறீங்களா, தூங்கப் போறீங்களா?" என்று கேட்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நீ பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வேலை கிடைக்கும் வரைக்கும் என்று என்னோடு துறைக்கு வந்தாய். வந்த முதல் வாரமே என்ஜினோடு வந்த புத்தகத்தை முதலாளியின் அலமாரியிலிருந்து தேடி எடுத்துவிட்டாய். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்துக்கொண்டு படிப்பாய். "ரசத்துல ஆயில் வாடை அடிக்குதுடா" என்று அம்மா திட்டுவாள். நான் காதால் ஓட்டுகிறவன், நீ கண்ணால் ஓட்டுகிறவன். எனக்குச் சத்தம் போதும். உனக்கு முன்னால் இருந்த ஐந்து மீட்டரும் ஐந்து ஆட்கள். ஆர்.பி.எம். ஏறுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை என்றால் டிரிம் அதிகம், விசிறி தண்ணீருக்குப் பதில் காற்றைக் கடிக்கிறது என்பாய். மூக்கு குத்திக் குத்தி எழுந்தால் ஒரு சொட்டு இறக்குங்கப்பா என்பாய். எல்லாவற்றுக்கும் மேலே சூட்டு மீட்டர். என்ஜின் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, அது உள்ளே போய்ச் சுற்றுகிறதா என்று காட்டத்தான் பின்னால் சின்னதாக ஒரு துளையில் பீய்ச்சி ஊற்றிக்கொண்டே வருகிறது என்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. பத்து வருடமாக நான் அதை என்ஜின் ஒன்றுக்குப் போகிறது என்றுதான் ஜனங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. நேற்று வந்தவன் எனக்குச் சொல்கிறானே என்று. சூடு ஏறினால் அலற வேண்டிய ஹாரன் உப்புக் காற்றில் கெட்டுப்போய்ச் சும்மா சும்மா அலறிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதன் வயரைக் கழற்றிவிட்டுப் போனார். மாட்டச் சொல்லுங்கப்பா என்று நீ மூன்று தடவை சொன்னாய். குடும்பத்தோடு வருகிறவர்கள் பயந்துபோவார்கள் என்று நான் விட்டுவிட்டேன். முதல் தப்பு அது. நீ அதை மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை. காலையிலேயே படகைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஜம்மென்று நிறுத்தினோம். டிராக்டரில் இருபது வருடம் செய்த பழக்கம் எனக்கு. ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு, கியருக்கு ஒரு பொட்டு, பிறகு ஒவ்வொரு மீட்டர் கண்ணாடிக்கும் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம். டிராக்டரில் மீட்டரை யார் பார்த்தார்கள்? பாதி மீட்டர் வாங்கிய வருடமே செத்துப்போயிருக்கும். அதே கையோடு இங்கேயும் வைக்க வந்தேன். நீ குறுக்கே வந்து நின்றாய்.

"கண்ணாடிமேல வேணாம்ப்பா. பக்கத்துல பலகைல வைங்க."

"சாமிக்கு வைக்கிறதுல என்னடா பக்கத்துல, தூரத்துல?"

"முள்ளு மறையும்ப்பா."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் முதலாளி நிற்கிறார், பூசணிக்காய் உடைக்க ஆள் நிற்கிறான், மகன் சொல்லிக் கேட்டுக்கொண்டேன் என்று இருக்கக் கூடாதே. அதனால் ஒரு சமாதானம் செய்தேன். சூட்டு மீட்டரில் முள் எப்போதும் நடுவில்தானே நிற்கும், நடுவை விட்டு வலது ஓரத்தில் பொட்டு வைத்தேன். வலது ஓரம்தான் சிவப்புக் கோடு. "முள்ளு அங்க போனாத்தானேப்பா தெரியணும்" என்றாய். "அங்க போகக் கூடாதுன்னுதான் அங்க வைக்கிறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டாய். நல்ல கெட்டிச் சந்தனம். மறுநாள் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. நீ நகத்தால் சுரண்டப் போனபோது, "பூஜைப் பொட்ட சுரண்டாதடா, அதுவா உதிரட்டும்" என்று கையைத் தட்டிவிட்டவனும் நான்தான்.

அந்த மறுநாள்தான். மயிலாடுதுறைப் பக்கமிருந்து ஒரு தம்பதி, அவர்களோடு ஒரு சின்னப் பெண் குழந்தை. நீ ஓட்டினாய். அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் உனக்குப் பின்னால், கடைசிப் பலகையில், என்ஜினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மழைக்கு முந்தைய வெயில் அது, வெள்ளையாக இல்லாமல் மஞ்சளாக இருக்குமே, அந்த வெயில். முகத்துவாரத்துக்கு முன்னால் மணல் திட்டு வந்தது. நீ வேகத்தைக் குறைத்து, என்ஜினைத் தூக்கி, அடி தட்டாமல் தாண்டினாய். தாண்டியதும் மறக்காமல் இறக்கினாய். இதை நான் பார்த்தேன். உன் கட்டைவிரல் கீழே அமுக்கியதை என் கண்ணால் பார்த்தேன். என்ஜினைத் தூக்கியபடியே விட்டுத் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்ச வைத்துவிட்டேனோ என்று நீ ஆறு வருடமாகச் சந்தேகப்படுகிறாயே, அது இல்லை. நீ இறக்கினாய்.

பிறகு வேகம் எடுத்தாய். மூக்கு எழுந்து, சமமாகி, படகு தண்ணீர்மேல் ஏறியது. நீ கட்டைவிரலால் கொஞ்சமாகத் தூக்கினாய். இன்னும் கொஞ்சம். அங்கே நிறுத்தினாய். தம்பி, நான் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று உனக்கே தெரியும். நீ மூன்று மாதத்தில் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டாய். என் கையில் ஓடும்போது அதில் எங்கோ ஒரு சின்ன நடுக்கம் இருக்கும், உன் கையில் அதுவும் இல்லை. எதிரே கடல் தகடாகக் கிடந்தது. அந்தக் குழந்தை அம்மா மடியில் தலையைச் சாய்த்துவிட்டது. நான் கண்ணை மூடினேன் என்று நினைக்கிறேன். என் வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஓட்டாத படகில் அந்த இடத்துக்குப் போனேன். என் மகன் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று நினைத்தேன். மனசு அப்படி நிறைந்து கிடந்தது.

அப்போதுதான் நீ கேட்டாய். திரும்பாமல், முன்னால் வலை மிதக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கத்திக் கேட்டாய். "அப்பா, சூட்டு முள்ளு நகர்ந்த மாதிரி இருக்கு. பொட்டுல மறையுது. பின்னாடி தண்ணி ஊத்துதான்னு பாருங்க."

"ஊத்துது, ஊத்துது. நீ போ" என்றேன்.

நான் பார்க்கவில்லை, தம்பி.

கழுத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்தத் துளை என் முதுகுக்கு இரண்டு முழம் பின்னால் இருந்தது. நான் திரும்பவில்லை. எப்போதும் ஊற்றுகிறதுதானே என்று சொல்லிவிட்டேன். ஊற்றவில்லை. என் முதுகில் தெறிக்க வேண்டிய ஈரம் தெறிக்கவில்லை என்பது என்ஜின் நின்ற பிறகுதான் உறைத்தது. என் சட்டை முதுகு காய்ந்து இருந்தது. அதைக் கையால் தடவிப் பார்த்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். கருகல் நாற்றம், கிறீச்சென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. ஆற்றுத் தண்ணீர் நம்மை மெதுவாக முகத்துவாரத்து அலைப் பக்கம் இழுத்தது. அந்தக் குழந்தையின் அம்மா அழ ஆரம்பித்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? மெழுகுப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். நீதான் முன்னால் ஓடி நங்கூரத்தைப் போட்டாய். முதலில் அது பிடிக்காமல் இழுபட்டது, கயிற்றை இன்னும் விட்டாய், பிடித்துக்கொண்டது. ஒவ்வொருவர் லைஃப் ஜாக்கெட் வாரையும் நீயே இழுத்துச் சரிபார்த்தாய், என்னுடையதையும் சேர்த்து. "ஒண்ணும் இல்லக்கா, போட் நின்னுருக்கு, எங்கயும் போகாது, பாப்பாவ மடியிலயே வச்சிக்கிங்க" என்று அந்த அம்மாவிடம் சொன்னாய். ஒரு ஜாக்கெட்டைத் தலைக்குமேல் ஆட்டி ஆட்டி, கருக்களாச்சேரி ஃபைபர் படகு ஒன்றை வரவழைத்தாய். அவர்கள் கயிறு வீசும்போதுகூட, "என்ன மாமா, பூஜ போட்டு நிப்பாட்டிட்டீங்களா?" என்று என்னைத்தான் கேலி செய்தார்கள். நடுக்கடலில் நின்றுபோனால் என்ன செய்வது என்று நேற்று என்னைக் கேட்டாயே, அன்றைக்கு நீ செய்ததைத்தான் செய்ய வேண்டும்.

கரையில் மெக்கானிக் திறந்து பார்த்தார். "தண்ணி ஏறவே இல்லண்ணே. தண்ணி இழுக்குற ரப்பர் விசிறியே கருகிப் போச்சு. பிளாஸ்டிக் கவர் எதாச்சும் வாயில ஒட்டியிருந்துருக்கும், இழுத்துட்டு வர்றப்ப கழண்டுருக்கும். இல்லன்னா மணலு" என்றார். முதலாளி ஒன்றுதான் கேட்டார், "யாரு ஓட்டுனது?" நீ "நான்தாண்ணே" என்றாய். "தண்ணி ஊத்துதான்னு பாக்க மாட்டியா?" என்று அவர் கேட்டபோது நீ என் பக்கம் திரும்பினாய். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை அது. அப்பா சொல்லுவார் என்கிற பார்வை. நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த கயிற்றைப் பிரித்து மறுபடியும் சுருட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நீ சொன்னாய், "அப்பா பாத்தப்ப ஊத்திச்சுண்ணே. அதுக்கப்புறம் நின்னுருக்கும். நான்தான் திரும்ப ஒரு தடவ கேக்காம விட்டுட்டேன். என் தப்புதான்."

அதை நீ நம்பித்தான் சொன்னாய். என்னைக் காப்பாற்றச் சொல்லியிருந்தால்கூட இத்தனை வலி இருந்திருக்காது. அப்பா பார்த்துவிட்டுத்தான் சொன்னார் என்பதில் உனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. இனிமேல் படகுப் பக்கம் வராதே என்று முதலாளி சொன்னார், நீ அடுத்த வாரமே பாண்டிச்சேரிக்குப் போய்விட்டாய். உன்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் படு என்று சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பயம், அன்றைக்குப் பிறகு நான் சொல்கிற எதையும் நீ நம்ப மாட்டாய் என்பது. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

இந்த இடம் வரைக்கும் எழுதியபோது அம்மா மதியச் சாப்பாட்டோடு துறைக்கு வந்தாள். "அப்படி என்னத்த எழுதுறீங்க? பேசுனா போதாதா?" என்று கேட்டுத் தாள்களை வாங்கிப் படித்தாள். அவளுக்கும் இதுநாள் வரை தெரியாது. படித்து முடித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "இத அன்னைக்கே சொல்லிருந்தா புள்ள எங்கிட்டயே இருந்துருப்பான்ல" என்றாள். தூக்குச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னைச் சாப்பிடச் சொல்லாமல் சாப்பாடு வைத்தது இன்றைக்குத்தான். சாப்பிடவில்லை. இதை முடித்துவிட்டுத்தான் என்று வைத்திருக்கிறேன்.

அந்த நாளுக்குப் பிறகு நான் எப்படி ஓட்டுகிறேன் என்று உனக்குத் தெரியாது. புது என்ஜின் வந்துவிட்டது. ஹாரன் வயரை நானே நின்று மாட்ட வைத்தேன். போன வாரம் ஆயுத பூஜைக்குப் பொட்டெல்லாம் பலகையில்தான் வைத்தேன், கண்ணாடியில் இல்லை. ஒரு சுற்றுக்கு முப்பது நாற்பது தடவை திரும்பித் திரும்பிப் பின்னால் பார்க்கிறேன். "அங்க என்ன சார் இருக்கு?" என்று ஜனங்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு விரல் தடிமனுக்கு வளைந்து விழுகிற அந்தத் தண்ணீரை அவர்களுக்குக் காட்டுகிறேன். வெயிலில் சில சமயம் அதில் ஒரு சின்ன வானவில் நிற்கும். எனக்கு அந்த இடம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை, தம்பி. படகு ஏறி ஓடும், சத்தம் சுருதிக்கு வந்து நிற்கும், கரை நகரும், எல்லாம் இருக்கும். நான் உள்ளே போக முடியாமல் வாசலில் நின்று கழுத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்று ஆகிவிட்டதால் ஒன்றே ஒன்று. அந்தத் தீவில் உன்னோடு படகில் வேறு ஆளும் வருவார். நீ முன்னால் பார்க்கும்போது பின்னால் பார்க்க அவர் இருப்பார். அவரிடம் கேள். அவர் ஊற்றுகிறது என்று சொன்னால் போதும் என்று விடாதே. அவர் கழுத்து திரும்பியதா என்று பார். அவர் உனக்குப் பிடித்தவராக இருக்கலாம், உன்னைவிட மூத்தவராக இருக்கலாம், உன்மேல் உயிரையே வைத்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களைத்தான் இரண்டாவது தடவையும் கேட்க வேண்டும். நீ நன்றாக ஓட்டினால் பின்னால் இருப்பவனுக்குக் கண் சொக்கும். உன் ஓட்டத்தில் இருக்கிற ஆபத்து அது ஒன்றுதான், அதையும் நீ இனிமேல் தெரிந்து வைத்துக்கொள்வாய்.

நீ ஒரு என்ஜினைப் புகைத்தவன் இல்லை. முள் நகர்ந்ததை, பொட்டுக்கு அடியில் மறைந்ததை, அந்த இரைச்சலிலும் கவனித்தவன். சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்டவன். பொய்ப் பதிலை வாங்கிக்கொண்டு பழியையும் வாங்கிக்கொண்டவன். திங்கட்கிழமை நீ என்ன எழுதுவாய் என்று நான் கேட்க மாட்டேன். நாளைக் காலையில் முதலாளியிடம் போய் இதே கதையைச் சொல்லப்போகிறேன். உன்னிடம் முதலில் சொல்லிவிட்டு அவரிடம் போக வேண்டும் என்றுதான் இன்றைக்கு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு இந்தப் படகை யார் ஓட்டுவார்கள் என்று தெரியவில்லை. அம்மா இந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பப்போகிறாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, முடித்தாகிவிட்டதா என்று பக்கத்திலேயே நிற்கிறாள்.

கோபம் வந்தால் கோபப்படு. போன் எடுக்காமல் இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும். உன்னிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள நான் கடமைப்பட்டவன். ஆனால் அன்றைக்கு முகத்துவாரத்தில் நீ முன்னால் பார்த்தபடியே கேட்டாயே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆறு வருடம் கழித்து, கட்டிப்போட்ட படகில் உட்கார்ந்து சொல்கிறேன்.

தெரியலடா தம்பி. ஓட்டம் அவ்வளவு சொகமா இருந்திச்சு, நான் திரும்பல. நிறுத்து. பாத்துட்டுச் சொல்றேன்.

அப்பா